ராட்சதனுக்கு எவ்வளவு புத்தி

எண்பதுகளில் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தேன். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்க ஆள் வேண்டுமென்றால் மேஸ்திரி யோசிக்கவே மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார். அந்த ஓட்டைக்குள் தோள் இடிக்காமல் நுழைகிறவன் நான்தான். நானும் வாய் திறக்காமல் இறங்கிவிடுவேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, "ராட்சதன்" என்றேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில், மூன்று பேர் விளையாட உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஒரு மாயக்கதைக்குள் போகிற விளையாட்டு. பலமும் புத்தியும் எவ்வளவு என்று மூன்று பகடை சொல்லும். குமாஸ்தா வேலை பார்த்த நண்பன் ஆங்கில விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கதை நடத்துவான். இன்னொருவன் தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டியவன், ஆள் மலை மாதிரி. அவன் குள்ளனாக இருக்க ஆசைப்பட்டான்.

"ஒரு நாளாவது தலை இடிக்காம நடக்குறேன் லா."

குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினான். "ராட்சதனுக்குப் பலம் கூட. புத்தி எட்டுக்கு மேல போகக்கூடாது. நீ சண்டை போடு, திட்டம் நாங்க போடுறோம்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது சண்டைக்கு இல்லை. பெரிய ஆளாக நின்று ஒரு திட்டம் சொல்ல வேண்டும், அதை நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லாரிக்காரன் மேசையைத் தட்டினான். "டேய், பெரிய உடம்புன்னா மூளை கம்மியா? யாரைப் பார்த்துச் சொல்ற?"

"நான் சொல்லல மச்சான், புத்தகம் சொல்லுது."

"எழுதினவன் உன்னை மாதிரி ஒல்லிப்பிச்சானா இருந்திருப்பான்!"

"சரி, எல்லாருக்கும் எல்லாமே சமம்னு வச்சுக்குவோமா?"

"வேணாம்," என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ராட்சதன் குகைவாசல்ல மாட்டிக்கட்டும். குள்ளனுக்கு மேல்தட்டு எட்டாம இருக்கட்டும். அது உடம்பு. புத்திக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி உருட்டுவோம்."

குமாஸ்தா புத்தகத்தை மூடினான். "உருட்டு."

உருட்டினேன். மூன்று பகடையிலும் ஒன்று.

லாரிக்காரன் சிரித்த சிரிப்பில் மேல்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். "புத்தகமே எட்டு வரைக்கும் தரேன்னுச்சு. நீ சண்டை போட்டு மூணு வாங்கியிருக்கியேடா!"

"பாவம், இன்னொரு தடவை உருட்டட்டும்," என்றான் குமாஸ்தா.

"வேணாம். இது நானே உருட்டினது."

அன்று மாலைவரை நான் திட்டமாகச் சொல்லித் தள்ளினேன். ஒன்றுகூட உருப்படியில்லை. கடைசியில் டிராகனின் குகைக்கு முன்னால் வந்து நின்றோம். "முதல்ல கதவைத் தட்டி, வீட்ல யாராவது இருக்காங்களான்னு கேப்போம்," என்று சத்தமாகச் சொன்னேன்.

லாரிக்காரனின் குள்ளன் போய்த் தட்டினான்.