பாட்டிலை விட்டுவிட்டுச் சொம்பில் வந்த தண்ணீர்

தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் பாதி நாள் மல்லுக்கட்டு தண்ணீரோடு இல்லை, அது வந்து சேருகிற பாத்திரத்தோடுதான். லேபில் குப்பை கொட்டுகிறவர்களே, உங்களுக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்.

ஒரு சொட்டு

எங்கள் லேப் வேங்கிக்காலில். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடி வில்லையில் விட்டுக் காயவைப்போம். அதன்மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், காய்ந்த படிவில் இருக்கும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடும். எது எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். ஆசிரமப் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் இதை வாய் வலிக்க விளக்கினேன். வில்லையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கேன் நிறையக் கொண்டாந்தேன் சார், ஒரு சொட்டு எடுத்து அதையும் காயவச்சிட்டு, இப்ப எதைப் பாக்கப் போறீங்க?"

மரியாதைச் சொம்பு

கீழ்பென்னாத்தூர் மும்தாஜம்மா வீட்டில் போர் போட்டு ரெண்டு மாசம். மருமகள் முழுகாமல் இருந்ததால், தண்ணீர் நல்லதுதானா என்று தெரிய வேண்டும். நாங்கள் கொடுத்த பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஈயம் பூசின பித்தளைச் சொம்பில் முதல் நாளே பிடித்து, வாயில் வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுவந்தார். அடக் கடவுளே! நன்றாகவே சத்தம் போட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. "ஆபீசுக்குக் கொண்டாறதை யாராவது பிளாஸ்டிக் பாட்டில்ல கொண்டாருவாங்களா தம்பி?"

மெஷின் சொன்னது

போகட்டும் என்று சோதித்தேன். காரீயம்! அதுவும் ஜாஸ்தி. வயிற்றுப் பிள்ளைக்கு அது விஷம். விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "போரை மூடிடறேன் தம்பி, ஆனா ரெண்டு மாசமா அவ குடிச்சிட்டாளே?"

நேராகப் பிடித்த தண்ணீர்

மறுநாள் நானே பைக்கில் போய், போரிலிருந்து நேராகப் பாட்டிலில் பிடித்துவந்தேன். அதில் காரீயம் இல்லவே இல்லை. சந்தேகம் வந்து, சொம்பின் உள்பூச்சைக் கொஞ்சம் சுரண்டி மெஷினில் வைத்தேன். பூசினவர் எந்தப் புண்ணியவானோ, வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்திருக்கிறார்! வீட்டில் விசாரித்தால், மருமகள் தினமும் தண்ணீர் குடித்தது அந்தச் சொம்பில்தான். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை, சொம்பை மட்டும் ஒதுக்கிவிடுங்கள் என்றார்.

பேத்தி பிறந்ததும் எவர்சில்வர் தூக்கில் சேமியா பாயசத்தோடு வந்து நின்றார் மும்தாஜம்மா. நியாயமாக நான்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் சிரித்தபடி கேட்டார்: "அன்னிக்கு அந்தத் திட்டு திட்டினீங்களே தம்பி, நீங்க சொன்னபடி பாட்டில்ல கொண்டாந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

அதனால் இப்போது வருகிறவர்களிடமெல்லாம், தண்ணீரைப் பாட்டிலிலேயே கொண்டு வாங்க, கூடவே வீட்டில் குடிக்கிற சொம்பையும் எடுத்துட்டு வாங்க என்று சொல்லி, ரெண்டு மடங்கு வேலையை நானே இழுத்து விட்டுக்கொள்கிறேன்.