ஓடும் லிஃப்ட்டுக்கு ஒரு பலகை

எங்கள் குடியிருப்பின் ஆறாம் மாடிக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வயது அறுபத்தைந்து. ஊரில் பாதிப் பேரை மாடி ஏறாமல் காப்பாற்றியவர். அந்த சௌகரியத்தில் முதல் பங்கைத் தானே எடுத்துக்கொண்டவர். முதல் மாடிக்குப் போகக்கூடப் பொத்தானை அழுத்துவார். கேட்டால் "டெஸ்ட் பண்றேன்" என்பார்.

போன வருடம் கம்பெனிப் பரிசோதனையில் அவர் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் லேசாகத் தடித்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"சர்க்கரை நோய் இன்னும் வரலை. இன்சுலின் தேவைக்கு மேலயே சுரக்குது. உடம்புதான் அது சொல்றதைக் காதுல வாங்க மாட்டேங்குது. இப்படியே விட்டா ரத்தக்குழாய்க்கு ஆகாது."

கூட வந்திருந்த மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பது வருஷமா நான் சொல்றதையே வாங்காத காது டாக்டர். இன்சுலின் எம்மாத்திரம்?"

டாக்டர் சிரித்தார், ஆனால் வேலைக்கான உடல்தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரை ஒன்று எழுதினார். சாப்பிட்டதும் உட்காராமல் நடக்க வேண்டும், மாடி ஏற வேண்டும். ஆறு மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் லிஃப்ட் குழிக்குள் இறங்கவோ கூண்டின் தலைமேல் ஏறவோ அனுமதி கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்து புகார் ஃபோன் எடுக்கலாம். ஸ்கேனுக்கு அசையாத மனிதரின் முகம் ஃபோன் என்றதும் தொங்கிப்போயிற்று.

மறுநாளே ஏறத் தொடங்கினார். அதாவது, படிக்கட்டு வரை போனார். பக்கத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. கால் தானாக உள்ளே போய்விட்டது. நான்கு நாள் இதே கதை.

ஐந்தாம் நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்த கையோடு கீழே வந்து, கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டிவிட்டு ஏறினார். தினமும் அரை மணி நேரம் பலகை தொங்கும். அந்த நேரம் பார்த்துக் கடை மூடிவிட்டு வருபவர் ஐந்தாம் மாடித் தையல்காரர். ஆயுளெல்லாம் உட்கார்ந்தே உழைத்தவர்.

"ஏன்யா, சொந்த வீட்டு லிஃப்ட்டையே சரி பண்ணத் துப்பில்லையா?"

"பார்ட்ஸ் வரணும்."

"எங்கிருந்து, நிலாவுல இருந்தா?"

திட்டிக்கொண்டே ஏறுகிறவருக்கு மாடி தெரிவதில்லை. மூச்சு தீர்வதற்குள் வீடு வந்துவிடும்.

மூன்றாம் மாதம் குட்டு உடைந்தது. நான்காம் மாடி டீச்சர் கண்ணாடியை மறந்து வந்ததால் பலகையைப் படிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார், லிஃப்ட் வந்தது, ஏறினார். நான்காம் மாடியில் கதவு திறந்தபோது, படிக்கட்டில் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்தபடி இளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, லிஃப்ட்தான் ஜம்முனு ஓடுதே!"

தையல்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நல்லா ஓடற லிஃப்ட்டை நிறுத்த எனக்குக் கை வரலைய்யா," என்றார் மெக்கானிக். "பலகை மட்டும்தான்."

முப்பது வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட இத்தனை நாள் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த கட்டடம்.

இரண்டு நாள் தையல்காரர் பேசவில்லை. மெக்கானிக்கும் வெட்கப்பட்டுப் பலகையை மாட்டவில்லை. கால் மறுபடி லிஃப்ட்டுக்குள் போனது. மூன்றாம் நாள் கீழே தையல்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்கய்யா பலகை?"

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"என் காலுக்கு இன்னும் தெரியாது. மாட்டுய்யா."

மாட்டினார். டீச்சரும் சேர்ந்துகொண்டார், கண்ணாடியோடு.

ஆறாம் மாதம் டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். இன்சுலின் அளவு நன்றாக இறங்கியிருந்தது.

"கழுத்துக் குழாய்ச் சுவர்?" என்றார் மெக்கானிக்.

"அப்படியேதான் இருக்கு."

"குறையலையா?"

"ஆறு மாசத்துல குறையாது. வளரலையே, அதுக்கு சந்தோஷப்படுங்க. மாத்திரையையும் படியையும் விட்டுடாதீங்க." கையெழுத்துப் போட்டார்.

"அப்போ உடம்பு காதுல வாங்குதா?" என்றார் மனைவி.

"கொஞ்சம் கொஞ்சமா."

"சரி, இனிமே நானும் சத்தம் போடாமச் சொல்லிப் பாக்கறேன்."

அன்று மத்தியானமே மெக்கானிக் எங்கள் லிஃப்ட்டின் தலைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டார். கீழே அதே பலகை தொங்கியது. அன்றைக்கு மட்டும் லிஃப்ட் நிஜமாகவே நின்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த தையல்காரர் நம்பவில்லை, பொத்தானை நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.