மாடி அறை இகுவானா

என் கணவர் திண்டுக்கல்லில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு கடைக்குச் சாமான் எடுக்கச் சென்னை போனவர், இகுவானாக் குட்டி ஒன்றோடு திரும்பினார். பச்சைப் பசேல் என்று ஓணான் மாதிரி இருந்தது. அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சண்டை போட்டவள் நான். கடைசியில் செம்பருத்தி இலையை என் கையில் வாங்கினால்தான் தின்னும் என்றாகிவிட்டது. பெரிதானதும் மாடி அறையை அதற்கே விட்டுக் கொடுத்தோம்.

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. செய்தியை அவரிடம் காட்டினேன்.

"வித்தவன் பில்லே தரலையே, எதக் காட்டிப் பதியிறது? யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஜன்னலோரம் அது வெயில் காய்வதைப் பார்த்த யாரோ உடும்பு என்று புகார் செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, தெருவே சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும் நேரத்தில் வனத்துறை ஜீப் வந்து நின்றது.

"உடும்பு வளக்குறீங்களாமே?"

"உடும்பு இல்ல சார், இகுவானா. வெளிநாட்டுது," என்றார் என் கணவர்.

"அப்பப் பதிஞ்சதுக்குச் சான்று எங்க?"

"பதியல சார்," என்றார் அவர். வாசலில் கூட்டம். நான் பாடம் எடுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களும் அதில் இருந்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்களும் சேந்துதானம்மா வளத்தீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அம்புட்டும் இவரு வேல. நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல."

அதைக் கூண்டில் அடைத்து மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் அது கம்பியில் முகத்தை அழுத்தியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதை உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மட்டும் விசாரணைக்காக வனத்துறை அலுவலகத்துக்குப் பலமுறை அலைந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் அவரை மறித்து, "டீச்சருக்குத் தெரியாம எப்பிடிப்பு அத இத்தன நாளு மறைச்ச?" என்று சிரித்தார்.

"அவ மாடிக்கே வரமாட்டாக்கா. எனக்குத் தோதாப் போச்சு," என்றார் அவர், இயல்பாக.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.