கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குரூசர்

காட்சிக்கூடத்தில் வேலை செய்பவனுக்கு இரண்டு விதிகள்: "தெரியாது" என்று சொல்லக்கூடாது, கதிரையில் இருக்கக்கூடாது. நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிட்னியில் ஒரு கப்பல் அருங்காட்சியகத்தில், விக்டோரியா மகாராணி காலத்துக் குரூசர் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரிக்குப் பக்கத்தில் நான் நிற்கத் தொடங்கி ஆறு வருடம். என் விசா இன்னும் முடிவாகவில்லை. அதனால் நான் ஊருக்குப் போய்வர முடியாது, மனைவி சுகந்தி பருத்தித்துறையிலேயே இருக்கிறாள்.

கரிக் கவசம்

சிட்னியின் ஹோம்புஷ் பகுதியிலிருந்து வந்த சென்னைக்காரர் ஒருவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "கவசம் எங்க சார்?" என்றார். பக்கங்களில் தடித்த தகடு கிடையாது. உள்ளே, இயந்திரத்துக்கும் வெடிமருந்துக்கும் மேலே, ஆமையோடு போல வளைந்த உருக்குத்தளம் இருக்கிறது. பக்கவாட்டில் நிலக்கரியைக் குவித்து அதையும் காப்பாக வைத்துக்கொண்டார்கள் என்றேன். மனுசன் விடவில்லை.

"அந்தக் கரியை எரிச்சுத்தானே கப்பல் ஓடணும்? அப்போ தூரம் போகப் போக காப்பு குறைஞ்சுக்கிட்டே வருமே!"

செம்புத் தகடு

டூங்கபிப் பக்கமிருந்து வந்த அன்ரி ஒருவர் கப்பலின் அடிப்பாகத்தைக் காட்டி, ஏன் செம்பு நிறம் என்றார். உருக்கின் மேல் மரப்பலகை, அதன் மேல் செம்புத் தகடு; வருடக்கணக்காகத் தூரதேசத்தில் நிற்கிற கப்பலில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்தார்கள் என்றேன். அவர் கண் கப்பலை விட்டு என் சேட்டுக்கு வந்தது. பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஊசி குத்தியிருந்தேன். மனைவி ஊரில் என்பதையும் கேட்டு அறிந்துகொண்டார்.

"உமக்குப் பாசி பிடிக்கத் தொடங்கீட்டுது தம்பி. அவவைக் கெதியாக் கூப்பிடும்."

கூப்பிட எனக்கு ஆசையில்லையா? அன்று முழுக்க வாசலைப் பார்த்தபடியே நின்றேன்.

தப்பான முடிவு

வருகிறவர்களுக்குச் சொல்லும் கப்பலின் கதையை நான் எப்போதும், மகாராணியின் நாட்டிலிருந்து வந்த கப்பல் இங்கே மூன்று வருடம் ரோந்து முடித்து வீடு திரும்பியது என்றே முடிப்பேன். மாதக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், முன்னாள் மாலுமி, ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்:

"அந்தக் கப்பலை இங்கே சிட்னியிலேயேதான் உடைத்தார்கள். நீ ஏன் தினமும் அதை வீட்டுக்கு அனுப்புகிறாய்?"

மதியச் சாப்பாட்டு நேரம்

எனக்கு மதியம், சுகந்திக்குக் காலை. குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி வீடியோவில் வந்தாள். கப்பலைக் காட்டி, இந்தமுறை உண்மையைச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது ஆட்கள் வருவார்கள், பழைய ஆட்கள் ஊருக்குப் போவார்கள், கப்பல் மட்டும் உடைக்கும்வரை இங்கேயே நின்றது என்றேன். தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"ஆக்களை வீட்ட விட்டவங்கள்தானே? அப்ப உங்களை ஏனப்பா கப்பல் மாதிரி வைச்சிருக்கிறாங்கள்?"

இந்தக் குரூசரைப் பற்றி ஆறு வருடத்தில் எனக்குப் பதில் தெரியாமல் போன கேள்வி அது ஒன்றுதான்.