அம்மாவின் வட்டங்களும் தலைவரின் பெஞ்சுகளும்

அம்மா பொதுப் பூங்காவின் திட்டப் பிரிவில் வரைபடம் வரைந்தவர். பூங்கா பழையது, அதன் நிர்வாகக் குழு பார்வைக்கு அதைவிடப் பழையது. அங்கே அவருக்கு 'வட்டம் மேடம்' என்று பெயர். வரைபடத்தில் ஒரு மரம் என்றால் ஒரு வட்டம். அதை இன்றைய கன்றின் அளவுக்குப் போட மாட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து எவ்வளவு அகலம் விரியுமோ, அவ்வளவுக்குப் போடுவார்கள். தொழில்முறை அது.

வீட்டிலும் அதே முறைதான். எனக்கு வாங்கிய பள்ளிக்கூட ஷூவுக்குள் இன்னொரு பிள்ளையின் காலும் நுழையும். "வளர்ற காலுடா, சரியாயிடும்" என்பார். கால் வளர்வதற்குள் ஷூ வாயைப் பிளந்துவிடும். அடுத்த ஷூ இன்னும் பெரிது.

பூங்காவின் பெரிய மரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் நட்டவை. ஒரே காலத்தில் சாகப்போகின்றவை. அதற்குள் அடுத்த தலைமுறை எழ வேண்டும் என்று நூறாண்டுத் திட்டம் போட்டார்கள். தெற்குப் புல்வெளிக்கு அம்மா இரண்டு வரிசை வட்டங்கள் வரைந்து கொடுத்தார். குழு தலையாட்டி ஒப்புதல் தந்தது. கன்று நடுவதற்குத் தேதி குறிப்பதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியது. பெஞ்சு வாங்குவது தள்ளிப்போகவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு சிமெண்டு பெஞ்சைப் பதித்துவிட்டார்கள். நிழலில் உட்காரவாம்.

மொட்டை வெயிலில் திறப்பு விழா. குழுத் தலைவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார்.

"என்ன மேடம், நிழல் எங்க?"

"வரும் சார். ஐம்பது வருஷம் ஆகும்."

"விளையாடறீங்களா?"

"நான் வரையத்தான் செஞ்சேன் சார். அவசரப்பட்டு உட்கார்ந்தது நீங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமே முடிவு வந்தது: பெஞ்சுக்கு ஒரு தகரக் கூரை, குடை மாதிரி, ஒற்றைத் தூணில். அம்மா அந்தக் கூரையின் படத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் கட்டுமானப் பொறியாளன்.

"அஸ்திவாரம் எங்கடா வருது?"

"வட்டத்தோட நட்ட நடுவுல."

கன்றுக்கான குழியும் அங்கேதான். கான்கிரீட் இறங்கினால் அங்கே மரம் கிடையாது. பழைய மரங்கள் விழுந்த பிறகு பூங்காவில் தகரம் மட்டும் நிற்கும். அம்மா படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அவர் வாதாடாமல் எழுந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அந்தப் பூங்காவில் ஒரு விதி உண்டு. நட்ட மரம் எதையும் பொது விசாரணை இல்லாமல் எடுக்கக் கூடாது. பழமையைக் காக்கக் குழுவே எழுதிக்கொண்டது. வடக்கு வாசலில் ஒரு பட்ட மரம் விசாரணை முடியாமல் வருடக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. விதியில் மரத்தின் உயரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒப்பந்தக்காரர் வருவதற்கு முந்தின நாள், அம்மா தோட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாக் குழிகளிலும் கன்றுகளை நட்டுவிட்டார். ஒப்புதல் இருந்தது, தேதிதான் இல்லை. தேதியை அவரே வைத்துக்கொண்டார்.

தலைவர் வந்து பார்த்தார். முழங்கால் உயரக் குச்சிகள். குச்சிக்கு நாலு இலை.

"பிடுங்கிப் போடுங்கய்யா!"

சட்ட ஆலோசகர் செருமினார். "சார், நட்ட மரம். விசாரணை வைக்கணும்."

"இதுவா மரம்?"

"படத்துல பெரிய வட்டமா இருக்கே சார்."

ஒப்பந்தக்காரர் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். விசாரணை தொடங்கியது. முதல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. பிறகு தலைவர் மாறினார். பிறகு கோப்பைக் காணவில்லை. அம்மா ஓய்வு பெற்றார், நோயில் விழுந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தீர்ப்பு வந்துடுச்சா?"

"இல்லம்மா."

"அப்பாடா."

போன மாதம் இறந்துபோனார். அவருடைய செல்போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அது அடித்தது. பூங்கா அலுவலகம், புதுக் குரல்.

"மேடம் இருக்காங்களா? அந்தக் கன்னு விசாரணை விஷயம். அவங்க வந்து சாட்சி சொல்லிட்டா ஒரே நாள்ல முடிச்சு, எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"அம்மா போயிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன என்று தோட்டக்காரர் ஒருவர் துக்கம் கேட்க வந்தபோது சொல்லியிருந்தார்.

"சொல்ல முடியாதுங்க. விசாரணையைத் தள்ளி வைங்க."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"அவங்க வர்ற வரைக்கும்."