ஸ்ஃபெர்ராகவால்லோ ஆமை

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் ஒரு பெரிய சனிக்கிழமை. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. வாரம் முழுவதும் பொலிதேயாமா பக்கம் மூன்று வீடுகளில் தரை தேய்த்து என் முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. அன்றும் ஓய்வில்லை. கணவர் நகரத்தின் கடலோரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். பண்டிகைக் கூட்டத்தைச் சமாளிக்க என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

மத்தியானம், உணவகத்துக்கு மீன் கொடுக்கும் கிழவர் எங்களைப் பின்னால் படகுத்துறைக்குக் கூப்பிட்டார். வலையில் சிக்கிய கடலாமை ஒன்று அவர் படகில் மல்லாந்து கிடந்தது. தமிழர்கள் ஆமை சாப்பிடுவார்கள், கொடுத்துவிடு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வேண்டுமா என்று கிழவர் கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"இஞ்சாரும், வடிவாப் பாரும். பேராமையோ?" என்றார் கணவர்.

மன்னாரில் என் அப்பா ஆமை பிடித்தவர். இந்த விஷயத்தில் வீட்டில் என் சொல்தான் எடுபடும்.

தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாத நாக்கு. உண்மையைச் சொன்னால், வாயூறியது. ஆமையைப் புரட்டச் சொல்லி முதுகோட்டின் பக்கத் தகடுகளை எண்ணினேன். பேராமைக்குப் பக்கத்துக்கு நான்கு இருக்கும். கடற்புல் மேய்ந்து வளர்வதால் இறைச்சி ருசி. இதற்கு ஐந்து இருந்தது, தலையும் பெருத்திருந்தது. நண்டும் சிப்பியும் நொறுக்கித் தின்கிற சாதி. எங்கள் வீட்டில் இதைச் சட்டியில் போட மாட்டார்கள்.

"இது சரிவராதப்பா. கடலிலை விடச் சொல்லுங்கோ," என்றேன். ஏமாற்றத்தில் அலுப்பு இன்னும் கூடிவிட்டது.

கணவர் இத்தாலியனில், கடலில் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். கிழவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். தர மனமில்லாமல்தான் கேட்டாராம். இந்தக் கடலில் வருகிற பேராமையும் இதுவும் ஒரே குடும்பம் என்றார். இது சிசிலியின் தெற்கு மணலில் எப்போதாவது முட்டையிட வருமாம். பேராமை முட்டையிடுவது தூரத்தில், துருக்கிப் பக்கம். இங்கே தலைகாட்டுவதே அபூர்வமாம். இரண்டும் அழிந்து வருகின்றன, இரண்டையும் தொடச் சட்டம் விடாது. பிடிபட்டால் அவருக்குப் படகு போயிருக்கும், எங்களுக்கு இந்த நாட்டில் இருக்க வைத்திருந்த பெர்மெஸ்ஸோ போயிருக்கும்.

"சிஞ்ஞோரா, உங்களுக்கு நல்ல மனது," என்றார். வீடு துடைக்கிற என்னை அன்றுதான் ஒருவர் மரியாதையாகச் சிஞ்ஞோரா என்றார்.

ஆமை தண்ணீருக்குள் போனது. "நல்ல பேர் வாங்கிப்போட்டீர்," என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன்.

அது பேராமையாக இருந்திருந்தால் நானே கத்தி தீட்டியிருப்பேன். அதைச் சொல்ல வாய் வராமல் அந்தக் கிழவரின் நன்றியை வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.