வேறொருவருக்கு உரிய பதில்

ஜாவாவில் இணையப் பக்கம் எழுதுகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒருத்தி தனியாக உட்கார்ந்து எத்தனை நாள் சோதித்தாலும் அது வெளியே தெரியாது. இரண்டு பேர் ஒரே விநாடியில் பொத்தானை அழுத்தினால்தான் தலைகாட்டும். அந்தப் பிழையை நான் செய்தேன். செய்த இடமும் காலமும்தான் என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்திருக்கின்றன.

யுத்தத்தின் கடைசி மாதங்கள் அவை. கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் சின்னக் கந்தோர் இருந்தது. நிரல் எழுத இரண்டே பேர்: நானும், திகனயிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அண்ணனும். அவரை நானா என்றே கூப்பிடுவேன். நான் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வருவேன். வழியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். எட்டரைக்கு வரவேண்டியவள் ஒன்பதரைக்கு வருவேன். ஏன் என்று நானா ஒருநாளும் கேட்டதில்லை, தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

ஒரு நிவாரண அமைப்பு எங்களிடம் ஒரு வேலை தந்தது. வன்னியிலிருந்து வெளியேறி வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல் அவர்களுக்கு அவ்வப்போது கிடைக்கும். அதைத் தரவுத்தளத்தில் ஏற்றி, உறவினர்கள் பெயரைக் கொடுத்துத் தேடும்படி ஒரு பக்கம் செய்ய வேண்டும். கண்டியில் ஒரு தேவாலய மண்டபத்தில் நாலு கணினிகள் வைத்தார்கள். கணினி தெரியாதவர்களுக்கு உதவ, வாரத்தில் மூன்று பின்னேரம் நானும் அங்கே போய் உட்காருவேன்.

நாங்கள் பாவித்த பிரேம்வேர்க் என்ற ஆயத்தச் சட்டகம் அந்தக் காலத்தில் எல்லோரும் பாவித்ததுதான். தேடல் பொத்தானை அழுத்தினால் கோரிக்கை சர்வருக்குப் போகும். வாசலில் ஒரு நிரல் அதை வாங்கி, முகவரியைப் பார்த்து, எந்தப் பகுதிக்கு உரியது என்று தீர்மானிக்கும். படிவத்தில் எழுதியதை அந்தப் பகுதியிடம் கொடுக்கும். அது தரவுத்தளத்தில் தேடி, விடையைக் கோரிக்கையோடு சேர்த்து, எந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும் என்று சொல்லும். பக்கம், படிவத்தில் தேடிய பெயரையும் விடையையும் தன் கட்டங்களில் நிரப்பிக்கொண்டு கேட்டவரின் திரைக்குத் திரும்பும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தேடுகிற பகுதி ஆளுக்கொன்றாக உருவாவதில்லை. தபால் கந்தோரில் ஒரே லிகிதர் எல்லோருக்கும் பதில் சொல்வதுபோல, ஒன்றே எல்லாருடைய கோரிக்கையையும் கவனிக்கும். ஆகவே பதிலை அவரவர் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் லிகிதரின் மேசையில் கிடந்த ஒரே சிலேட்டில் எழுத வைத்தேன். அதாவது, விடையை வைக்கும் மாறியை மெதட்டுக்கு வெளியே, எல்லாத் தேடலுக்கும் பொதுவாக அறிவித்திருந்தேன். நாலு இடத்துக்கு அதைக் கொடுத்து வாங்கச் சோம்பல். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

மண்டபத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். அவருடைய தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். புருஷன் முந்தின வருஷமே ஷெல்லடியில் போய்விட்டான். தங்கச்சியின் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று நிறுத்தி நிதானமாகத் தட்டுவார். பெயர் இல்லை என்று வந்தால், "சரி பிள்ளை, வாறன்" என்று எழும்பிப் போவார். கதிரையை உள்ளே தள்ளாமல் ஒருநாளும் போனதில்லை.

அன்றைக்கு அவருக்குப் பக்கத்துக் கணினியில், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவருக்காக நான் தேடிக்கொண்டிருந்தேன். முந்தைய இனக்கலவரத்தில் அவர்கள் இருந்த லயம் வீடுகள் எரிந்த பிறகு அவருடைய அண்ணன் இனி இங்கே வேண்டாம் என்று வன்னிக்குப் போய்க் குடியேறியவர். நான் பொத்தானை அழுத்தினேன். விடை வந்தது. வலயம், கூடார இலக்கம், குடும்பத்தில் மூன்று பேர்.

"நம்ம அண்ணன்தாங்களா? நல்லாப் பாருங்கம்மா" என்று அந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூணு பேருன்னா அண்ணன், அண்ணி, சின்னப் பொண்ணு. எல்லாருமே இருக்காங்க!"

அதே நேரம் பக்கத்தில் கதிரை விழுந்த சத்தம். படம் வரைபவர் எழும்பி நின்றார். "பிள்ளை, இருக்கிறாள். தங்கச்சி இருக்கிறாள். மூண்டு பேர் எண்டு கிடக்குது. அவளும் ரெண்டு பிள்ளையளும். சரியாத்தானே கிடக்குது?"

நானும் எட்டிப் பார்த்தேன். மேலே தங்கச்சியின் பெயர், கீழே முகாம் விபரம். கூடார இலக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு திரையிலும் ஒன்றே என்று தெரிந்திருக்கும். சந்தோஷத்தில் நானும் அழுதுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மண்டபத்து வாசலில் நின்றே யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டுத் தாயிடம் சொன்னார். போகும்போது, "பிள்ளையளின்ர பேரை மட்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நாளைக்கு விடிய வவுனியா பஸ் எடுக்கிறன்" என்றார்.

விடைப் பக்கத்தில் தேடிய பெயர் மட்டும்தான் வரும். மற்றப் பெயர்களைப் பார்க்கக் கந்தோருக்குப் போய்த் தரவுத்தளத்தையே திறந்தேன். அப்படியொரு தங்கச்சி அதில் இல்லை. திரும்பத் தேடினேன். இல்லை. அந்தக் கூடார இலக்கத்தைக் கொடுத்தேன். தோட்டத்து அம்மாவின் அண்ணன் வந்தார்.

விளங்க ஐந்து நிமிஷம் எடுத்தது. ஒவ்வொரு தேடலையும் பதிந்து வைக்கும் ஒரு வரி, விடை கிடைப்பதற்கும் அதைக் கோரிக்கையில் சேர்ப்பதற்கும் இடையில் இருந்தது. அந்தப் பழைய சர்வரில் அதற்கு நேரம் பிடிக்கும். அவருடைய "இல்லை" சிலேட்டில் இருந்தபோது என் விடை வந்து அதை அழித்துவிட்டது. அவருடைய பக்கம் என் விடையை எடுத்துக்கொண்டு போனது. பதிவுகளை முழுக்க அலசினோம். ஒரே விநாடியில் மோதியது அந்த ஒரு தடவைதான். அந்தப் பொத்தானை அழுத்தியவளும் நான்தான். ஒரு வரியை வெட்டி மெதட்டுக்குள் ஒட்டினேன். திருத்தம் அவ்வளவுதான்.

"இப்ப அவருக்கிட்ட ஒண்டும் செல்ல வாணாம் தங்கச்சி" என்றார் நானா. "அங்க போனா ஒருவேள ஆள் ஈக்கவும் கூடும். லிஸ்ட்ல எல்லாரும் ஈக்கிறாங்களா?"

எனக்கும் அது இனித்தது. ஒளிக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து, வவுனியா பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவர் யன்னலோரம் இருந்தார். மடியில் ஒரு பை. பால்மா, பிஸ்கட், இரண்டு சோடிச் சின்னச் செருப்பு. நான் ஏறி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டு உதாரணம்கூடச் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்துக் காட்டினார்.

"இதிலை அவளின்ர பேர் கிடக்குது. நேற்று நீங்களும் பாத்தனீங்கள். இண்டைக்கு இல்லையெண்டு சொல்லச் சொல்லி ஆர் உங்களை அனுப்பினது?"

"யாரும் அனுப்பலங்க சேர். என் பிழைங்க."

"பயப்பிடாதேங்கோ. உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. இறங்குங்கோ, பஸ் எடுக்கப் போறாங்கள்."

இறங்கினேன். பட்டியலில் இருந்த பெயர் மறுநாள் காணாமல் போவதை நம்ப அந்த நாட்களில் காரணங்கள் நிறைய இருந்தன. இந்த ஒருமுறை காரணம் நான் மட்டும்தான் என்பதை அவருக்கு நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம் அவர் மண்டபத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் தானாகவே சொன்னார்.

"முகாம் கம்பிக்கு இஞ்சாலை நாலு நாள் நிண்டன். கடைசியிலை அந்தக் கூடாரத்து ஆக்களைக் கூப்பிட்டுவிட்டாங்கள். ஒரு வயசாளி, அவரின்ர மனிசி, ஒரு பொம்பிளைப்பிள்ளை. நல்ல சனம். பால்மாவையும் பிஸ்கட்டையும் அவையளிட்டைக் குடுத்திட்டு வந்தன்."

செருப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பிறகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கச்சியின் பெயரைத் தட்டினார். தகப்பன் பெயர். ஊர். பொத்தானை அழுத்துமுன், மற்ற மூன்று கணினிகளிலும் இருந்தவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஒரு நிமிஷம் ஒருத்தரும் அமத்தாதேங்கோ, தயவுசெய்து." எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்திவிட்டேன், இனி அது தேவையில்லை. ஆனாலும் நானும் கையை எடுத்துக்கொண்டேன்.

அழுத்தினார். பெயர் இல்லை என்று வந்தது.

"இது என்ர பதில்தானே, பிள்ளை?"

"ஓம் சேர்" என்றேன், அவருடைய பாஷையிலேயே. "இது உங்களுடையதுதான்."